வெள்ள அபாய வரைபடம்: களத்தில் பார்த்ததைப் பகிருங்கள்

ஏரல் பக்கம், ஆய்வு மாணவர்

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தண்ணீர் வடிந்த பிறகு வெள்ள மட்டம் குறிக்கப் போன குழுவில் நானும் இருந்தேன். சுவரில் சேறு படிந்த கோட்டைத் தேடி, கடல் மட்டத்திலிருந்து அது எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும்.

ஒரு வீட்டில் ஆச்சி சொன்னார்: "ஆத்துத் தண்ணி வாரதுக்கு முந்தியே கொளத்துத் தண்ணி பின்வாசல் வழியா வந்துட்டு தம்பி." தாமிரபரணியின் நீரோட்டத்தை மட்டும் வைத்துப் போட்ட வரைபடத்தில் அந்தத் தெரு வராது. எந்தக் குளத்துக் கரை உடைந்தால் எந்தத் தெரு மூழ்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தோம்.

பெரியவர்கள் பலர் 1992 வெள்ளம் எந்தப் படி வரை வந்தது என்று காட்டினார்கள். இது சாதாரண தகவல் இல்லை. ஒவ்வோர் ஆண்டின் உச்ச வெள்ளத்தையும் வரிசைப்படுத்தித்தான், எவ்வளவு பெரிய வெள்ளம் வர எவ்வளவு வாய்ப்பு என்று கம்பெல் என்ற புள்ளியியல் முறையில் கணக்குப் போடுகிறோம். பதிவேடு முப்பது, நாற்பது ஆண்டுக்குத்தான் இருக்கும். அதற்குள் ஒரு பெரிய வெள்ளம் விடுபட்டாலே 'நூறு ஆண்டு வெள்ளம்' என்று நாம் சொல்லும் அளவு குறைந்துவிடும்.

முடிச்சூர்வாசி

குளத்துத் தண்ணீர் என்றதும் எங்கள் 2015 ஞாபகம் வந்தது. எல்லாரும் செம்பரம்பாக்கத்தில் திறந்த 29,000 கன அடியைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேரும் இடத்துக்கு மேலே இருக்கிறது முடிச்சூர். எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீரும், தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்த 49 செ.மீ. மழையும்தான்.

அப்புறம் வீடு விற்க வந்தவர்கள், "நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் சார், இனிமே வராது" என்றார்கள். அது தவறு. எந்த ஆண்டிலும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டு கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம். வீடு வாங்குகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடலூர், பள்ளி ஆசிரியை

2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது, எங்கள் ஊரில் முகாம் என்று குறித்திருந்த கட்டடத்துக்கே போக முடியவில்லை. கட்டடம் மேட்டில்தான் இருக்கிறது, போகிற வழியில் இருக்கும் தரைப்பாலம் முதலிலேயே மூழ்கிவிட்டது. அபாய வரைபடத்தில் வீடுகளுக்கு நிறம் தீட்டினால் மட்டும் போதாது, எந்தப் பாதை எப்போது அடைபடும் என்றும் வேண்டும். இப்போது பாலத்தைத் தாண்டாமல் போகக்கூடிய ஒரு கல்யாண மண்டபத்தைப் பேசி வைத்திருக்கிறோம். கர்ப்பிணிகள், நடக்க முடியாத பெரியவர்கள் இருக்கும் வீடுகளையும் குறித்துவிட்டோம். தண்ணீர் ஏறும் முன்பே அங்கேதான் முதல் வண்டி போகும்.