அவசர உதவி: டிராக்கர் மாற்றும்போது பாதியில் 403, எண்களும் ஒத்துப்போகவில்லை

உறங்காப்புலி:
வணக்கம். எங்கள் ப்ராஜெக்டின் இஷ்யூக்களை (பிழை, வேண்டுகோள் டிக்கெட்டுகளை), அவற்றைப் பதிந்து வைக்கும் புது டிராக்கருக்கு மாற்ற பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று 403 (சர்வர் மறுக்கும் பிழை) வந்து நின்றுவிடுகிறது. டோக்கன் (ஸ்கிரிப்ட் உள்ளே நுழையும் சாவி) சரிதான். கோரிக்கை லிமிட்டும் நாலாயிரத்துக்கு மேல் மிச்சம் காட்டுகிறது. அதோடு இஷ்யூ எண்களும் தப்புத் தப்பாக விழுகின்றன. ஞாயிற்றுக்கிழமை பழைய சர்வரை நிறுத்தப்போகிறார்கள். யாராவது உதவுங்கள்.

தாமரைக்குளம்:
எதிலிருந்து எதற்கு மாற்றுகிறீர்கள்? பழைய டிராக்கர் எது: பக்ஸில்லாவா, ட்ராக்கா, ஜிராவா?

காவிரிக்கரை:
மொத்தம் எத்தனை இஷ்யூ? கமென்ட்டுகளும் உண்டா? 403-உடன் வரும் செய்தியை அப்படியே ஒட்டுங்கள். எண் தப்பு என்றால் எப்படித் தப்பு?

டோக்கன்தாசன்:
டோக்கன்தான் ப்ரோ. இஷ்யூ எழுத அனுமதி கொடுத்திருக்க மாட்டீர்கள். புதிதாக ஒன்று எடுத்துப் போடுங்கள்.

காவிரிக்கரை:
அனுமதி இல்லையென்றால் முதல் இஷ்யூவிலேயே விழுந்திருக்குமே. பாதி தூரம் ஓடியிருக்கிறது.

டோக்கன்தாசன்:
நடுவில் காலாவதி ஆகியிருக்கலாம்.

காவிரிக்கரை:
அதற்கு 401 வரும்.

மூத்தகுடி:
கேட்பதற்கு முன் ஆவணத்தை ஒருமுறை புரட்டும் பழக்கமே இப்போது யாருக்கும் இல்லை. கோட் வைக்கும் தளமான கிட்ஹப்பில் மணிக்கு 5,000 கோரிக்கை என்பது பொது வரம்பு. தம்பி பார்க்கிற மிச்சக் கணக்கு அதனுடையது. புதிதாக இஷ்யூ, கமென்ட் உருவாக்குவதற்கு வேறு வரம்பு இருக்கிறது: பொதுவாக நிமிடத்துக்கு 80, மணிக்கு 500. நிற்பது அங்கேதான். இதைக் கண்டுபிடிக்க ஓர் இழை தேவையா?

தாமரைக்குளம்:
அவர் கிட்ஹப் என்றே இன்னும் சொல்லவில்லையே சார்.

மூத்தகுடி:
வேறு எதுவாக இருக்கும்?

உறங்காப்புலி:
ஆமாம், ட்ராக்கிலிருந்து கிட்ஹப்புக்கு. 2,300 டிக்கெட் இருக்கும், கமென்ட் தனி. செய்தியில் "செகண்டரி ரேட் லிமிட்" என்று வருகிறது. எண்கள் 187 வரை சரி. அப்புறம் ட்ராக்கின் 189, இங்கே 188 ஆகிறது. போகப் போக இடைவெளி கூடுகிறது.

காவிரிக்கரை:
அப்படியானால் 403 விஷயத்தில் மூத்தகுடி சொன்னது சரி. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நடுவில் ஒரு நொடியாவது விடுங்கள். 403 வந்தால் பதிலின் ஹெடரில் ரிட்ரை-ஆஃப்டர் இருக்கிறதா என்று பார்த்து, அத்தனை நொடி காத்திருந்து, அதே டிக்கெட்டையே மறுபடி அனுப்ப வேண்டும். அடுத்ததற்குத் தாவினால் எண் இன்னும் கெடும். மணிக்கு 500 என்றால் டிக்கெட்டுக்கே ஐந்து மணி நேரம் பிடிக்கும். கமென்ட்டுகளைத் தனித்தனியாக ஏற்றாமல் இஷ்யூவின் உடம்பிலேயே (முக்கிய உரையிலேயே) வரிசையாகச் சேர்த்துவிட்டால் ஞாயிறுக்குள் முடியும். உடம்பு 65,536 எழுத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எண் தள்ளிப்போவதற்குக் காரணம் 188 என்ற டிக்கெட்டே ட்ராக்கில் இல்லாததாக இருக்கலாம். யாரோ ஸ்பேம் என்று அழித்திருப்பார்கள். டேட்டாபேஸில் ஐடிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். கிட்ஹப்பில் எண்ணை நாம் கொடுக்க முடியாது, அது வரிசையாகத்தான் போடும். புல் ரிக்வெஸ்ட்டும் (கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அதே வரிசையில் எண் எடுக்கும். இஷ்யூவை அழித்தாலும் அந்த எண் திரும்ப வராது. அதனால் இப்போதுள்ள ரெப்போ (கோடும் இஷ்யூக்களும் இருக்கும் கிடங்கு) வீண். புதிதாக ஒரு ப்ரைவேட் ரெப்போ திறந்து, விடுபட்ட எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு டம்மி இஷ்யூ போட்டு மூடிக்கொண்டே வாருங்கள். ப்ரைவேட் எதற்கென்றால், பழைய கமென்ட்டுகளில் @ போட்ட பெயர்கள் இருந்தால் சம்பந்தமில்லாத யாருக்கோ மெயில் பறக்கும்.

இன்னொன்று. ட்ராக் 0.12 முதல் நேரத்தை மைக்ரோசெகண்டில் வைக்கிறது. நொடியாக்கப் பத்து லட்சத்தால் வகுக்காவிட்டால் தேதி எங்கேயோ போய்விடும்.

வெண்ணிலா_தேவ்:
இவ்வளவு பாடு எதற்கு? கிட்ஹப் போன்ற கிட்லேபில் ப்ராஜெக்டின் ஓனராக இருந்தால் ஏபிஐ (ஸ்கிரிப்ட் தளத்தோடு பேசும் வழி) வழியாக எண்ணையும் உருவாக்கிய தேதியையும் நாமே கொடுக்கலாம். க்னோம் டெஸ்க்டாப் ப்ராஜெக்ட் 2018-ல் பக்ஸில்லாவை விட்டுக் கிட்லேபுக்குத்தான் போனது.

பழம்பெட்டி:
மாற்றவே வேண்டாம் என்கிறேன். ஜாங்கோ வெப் ஃப்ரேம்வொர்க் இன்றும் ட்ராக்கில்தான் இருக்கிறது. என்ன குறைந்துபோயிற்று?

வெண்ணிலா_தேவ்:
ஜாங்கோவுக்கு அதைப் பராமரிக்க ஆள் இருக்கிறது. இவர்கள் சர்வரையே நிறுத்துகிறார்கள்.

பழம்பெட்டி:
அடுத்தவன் வீட்டில் வைத்தால் அவன் மூடும்போது மறுபடி மூட்டை கட்ட வேண்டும். கூகுளின் கோட் தளமான கூகுள் கோட் மூடப்போவதாக 2015-ல் அறிவித்தது, 2016 ஜனவரியில் மூடிவிட்டது. ஒரு சங்கம் நடத்தும் கோட்பெர்க் தளத்துக்காவது போங்கள்.

மூத்தகுடி:
அதுவும் அடுத்தவன் வீடுதான்.

பழம்பெட்டி:
லாபத்துக்கு நடத்தாத சங்கத்தையும் கம்பெனியையும் ஒன்றாக்காதீர்கள்.

நிழல்மரம்:
மூடிய டிக்கெட்டுகளை யார் படிக்கப்போகிறார்கள்? திறந்திருப்பதை மட்டும் எடுத்துப்போங்கள்.

தாமரைக்குளம்:
படிப்பார்கள். இந்த வரியை ஏன் இப்படி எழுதினார்கள் என்பதற்குப் பல நேரம் மூடிய டிக்கெட்டில்தான் பதில் இருக்கும். பைத்தானின் மூல ப்ராஜெக்டான சிபைத்தான் 2022-ல் கிட்ஹப்புக்கு வந்தபோது பழையதையெல்லாம் கொண்டுவந்தது. எண் ஒத்துப்போகவில்லைதான், ஆனால் பழைய பிபிஓ (அவர்களின் முந்தைய டிராக்கர்) எண்ணை ஒவ்வொரு இஷ்யூவிலும் எழுதிவைத்தார்கள். நீங்களும் உடம்பின் முதல் வரியில் பழைய எண், எழுதியவர் பெயர், தேதி மூன்றையும் போடுங்கள். இல்லாவிட்டால் எல்லாமே டோக்கன்காரர் இன்று எழுதியதாகத்தான் தெரியும்.

நிழல்மரம்:
2009-ல் வந்த "இன்ஸ்டால் ஆகவில்லை" டிக்கெட்டில் என்ன வரலாறு இருக்கிறது?

மூத்தகுடி:
இழை தடம் மாறுகிறது. கேட்டவர் இருக்கிறாரா, போய்விட்டாரா?

உறங்காப்புலி:
இருக்கிறேன். 188 ஸ்பேம்தான், அப்படி நிறைய அழித்திருக்கிறார்கள். டம்மி போட்டதும் எண் ஒத்துப்போகிறது. 403-ம் இதுவரை வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறது, நன்றி.

காவிரிக்கரை:
நல்லது. ப்ராஜெக்டின் கோட் முழுவதையும் முதலிலேயே புஷ் செய்துவிட்டீர்களா (ரெப்போவில் ஏற்றிவிட்டீர்களா)? இஷ்யூ ஏறிய பிறகு புஷ் செய்தால், பழைய கமிட்டின் (பதிந்த கோட் மாற்றத்தின்) குறிப்பில் "ஃபிக்ஸஸ் #412" என்று இருக்கிற டிக்கெட் பின்னால் மறுபடி திறக்கப்பட்டதாக இருந்தாலும் கிட்ஹப் அதை மூடிவிடும்.

தாமரைக்குளம்:
அதைச் சொல்லுங்கள், உறங்காப்புலி. கோட் ஏறிவிட்டதா, இல்லையா?