புதுப்பிப்பு: ரஸ்ட் நிரல்மொழியில் மெமரி தீர்ந்தால் நிரல் செத்துவிடும் சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலைக்காக எழுதிய எங்கள் ரஸ்ட் நிரல், பெரிய எருமைத்தோல் படம் வந்தால் மெமரி இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும்; நிரல் சாகாமல் பிழையைப் பிடிக்கும் கேட்ச் அன்வைண்ட் போட்டும் பிடிபடவில்லை என்று கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னதுபோல அது பேனிக் (இடையில் பிடிக்கக்கூடிய பிழை) அல்ல, அபார்ட் (நிரல் அங்கேயே உடனே நிறுத்தப்படுவது). பிடிக்கவே முடியாது.

கைகொடுத்தது ட்ரை ரிசர்வ் (தேவையான மெமரி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுப் பார்க்கும் கட்டளை), ரஸ்ட் 1.57 முதல் இருக்கிறது. இடம் கிடைக்காவிட்டால் எரர் திரும்புகிறது, அந்தப் படத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு அடுத்த தோலுக்குப் போகிறோம்.

எதிர்பாராதது ஒன்று. ஆலைக் கணினியில் யூலிமிட் வரம்பு (ஒரு நிரல் எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு) இருந்ததால் எரர் வந்தது; காட்பாடி சோதனைக் கணினியில் வரவே இல்லை. லினக்ஸ் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, மெமரியை உண்மையில் தொடும்போது இடம் இல்லாவிட்டால் ஓஓஎம் கில்லரை (மெமரி தீர்ந்தால் நிரலைக் கொல்லும் லினக்ஸ் பகுதி) ஏவுகிறது. இப்படி அளவுக்கு மீறித் தலையாட்டுவதைக் கட்டுப்படுத்தும் ஓவர்கமிட் மெமரி என்ற லினக்ஸ் அமைப்பின் மதிப்பை 2 ஆக்கியதும் சரியானது. அப்புறம் பிரவுசர் திறக்க முரண்டு பிடித்தது வேறு கதை; தனிக் கணினியில் மட்டும் செய்யுங்கள்.