ஆட்டோமேட்டிக் காரை மேனுவல் கியருக்கு மாற்றலாமா? உதவி தேவை

கேள்வி (திருவொற்றியூர்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 2013ஆம் ஆண்டு மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு கியர் கொண்ட டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் மூலம் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை ஆட்டோமேட்டிக் கார். காலையில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே வெகுநேரம் ஊர்ந்து சென்று வண்டி சூடேறிய பிறகு, இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது ஆர்பிஎம் முள் மட்டும் ஏறுகிறது, வண்டி இழுப்பதில்லை. நின்ற இடத்தில் ‘டி’யில் (முன்னே ஓட்டும் நிலை) போட்டால் சற்றுத் தாமதித்து ஒரு குலுக்கலுடன் நகர்கிறது. கியர் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று ஒரு பணிமனையில் சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவுக்குப் புதுப்பேட்டையில் இதே மாடலின் பழைய மேனுவல் கியர் பாக்ஸை வாங்கிப் பொருத்திவிடலாமா? என்னென்ன பாகங்கள் தேவைப்படும், சட்டச் சிக்கல் ஏதும் உண்டா என்று விவரம் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் (வியாசர்பாடி, பணிமனை நடத்துபவர்):
வணக்கம் தம்பி. மாற்ற முடியும், ஆனால் கியர் பாக்ஸ் மட்டும் வாங்கினால் போதாது. உங்கள் வண்டியில் கிராங்க் முனையில் இருப்பது டார்க் கன்வெர்ட்டரைப் பிடிக்கும் மெல்லிய தகடு. அதைக் கழற்றிவிட்டு பிளைவீல், அதற்குரிய போல்ட்டுகள், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவற்றைப் பொருத்த வேண்டும். கிளட்ச் பெடலும் கேபிளும், கியர் லீவரும் அதன் கேபிள்களும், கியர் பாக்ஸைத் தாங்கும் மவுண்ட்டுகளும், பல மாடல்களில் டிரைவ் ஷாஃப்ட்டுகளும் வேறுபடும். இவற்றைக் கடைகடையாகத் தேடிச் சேர்ப்பதைவிட, ஒரே மேனுவல் வண்டியிலிருந்து மொத்தமாக எடுப்பதே நல்லது.

இரும்பு வேலையைவிட வயரிங் வேலைதான் கடினம். ‘பி’ (பார்க்கிங்) அல்லது ‘என்’ (நியூட்ரல்) நிலையில் இருப்பதாகக் கியர் பாக்ஸ் சுவிட்ச் தெரிவித்தால்தான் ஸ்டார்ட்டர் சுழலும்; அந்தச் சுவிட்ச் போய்விட்டால் சாவியைத் திருப்பினாலும் வண்டி எழும்பாது. ரிவர்ஸ் விளக்குக்கும் தனி இணைப்பு தர வேண்டும். எஞ்சின் கம்ப்யூட்டரோ கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரின் தகவலை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். அது வராவிட்டால் எச்சரிக்கை விளக்கு அணையாது. மேனுவல் வண்டியின் கம்ப்யூட்டரைப் போட்டாலோ, சாவியின் இம்மொபிலைசரையும் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) அதனுடன் பொருத்தியாக வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால், நோய் என்னவென்று பார்த்துவிடுங்கள். சூடேறினால் மட்டும் வழுக்குகிறது என்கிறீர்கள். ஆயில் அளவு குறைந்திருக்கலாம், சோலினாய்டு வால்வு (கியர் மாற ஆயிலைத் திறந்து மூடும் மின் வால்வு) பழுதாகியிருக்கலாம், ஆயிலே கெட்டிருக்கலாம். உங்கள் கையேட்டில் சொல்லியுள்ள முறைப்படி ஆயிலைச் சோதித்து, ஒரு வெள்ளைத் துணியில் தொட்டு நிறத்தைக் கூறுங்கள். ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறியீடுகளையும் எடுத்து வாருங்கள். இவ்விரண்டும் தெரியாமல் கியர் பாக்ஸைக் கழற்றச் சொல்வது முறையல்ல.

பதில் (பெரம்பூர்):
சட்டம் பற்றி மட்டும் சொல்கிறேன். பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியற்ற மாற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று அதே ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. உங்கள் பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் மாடல் பெயருடன் ‘ஏடி’ (ஆட்டோமேட்டிக்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விபத்து இழப்பீடு கோரும்போது அது காப்பீட்டு நிறுவனத்தின் கேள்வியாக மாறக்கூடும். மேலும், 15 ஆண்டு பதிவு 2028இல் முடிந்து புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் ஆய்வு செய்வார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்காமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.

கேட்டவர் (திருவொற்றியூர்):
இருவருக்கும் மிக்க நன்றி. துணியில் தொட்டுப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில், ரோஸ் மில்க் போல வெளிறிக் கலங்கியிருக்கிறது. ரேடியேட்டர் மூடியின் உட்புறத்திலும் எண்ணெய்ப் படலம் தெரிகிறது. வேகமாறுதலில் வழுக்கல் இருப்பதாக ஸ்கேனர் காட்டியது. சோலினாய்டு பிழை எதுவும் இல்லை.

பதில் (வியாசர்பாடி, பணிமனை நடத்துபவர்):
காரணம் தெரிந்துவிட்டது தம்பி. இதுபோன்ற வண்டிகளில் கியர் பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் உள்ளேயே செல்கிறது. அது அரித்து ஓட்டையானால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலில் கலந்துவிடும். நம் பகுதியில் உப்பு கலந்த போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கம் இருப்பதால், இந்தப் பழுது அடிக்கடி வருகிறது. கூலன்ட்டுடன் சுத்திகரித்த நீரை மட்டுமே கலக்க வேண்டும் என்று வருவோரிடமெல்லாம் மன்றாடாத குறையாகச் சொல்லி வருகிறேன்.

இனி இந்த வண்டியை ஓட்டாதீர்கள். தூக்கு வண்டியில் ஏற்றிச் செல்லுங்கள். தண்ணீர் பட்டால் உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சு உரியத் தொடங்கும். ஆகவே ஆயிலை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் இதே வழுக்கல் திரும்பிவிடும். கியர் பாக்ஸைப் பிரித்துத் தகடுகளையும் சீல்களையும் மாற்ற வேண்டும். இல்லையெனில் இதே வகையில் நல்ல பழைய ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஒன்றைப் போட வேண்டும். டார்க் கன்வெர்ட்டரில் தங்கிய ஆயிலை வடிகட்டித் தீர்க்க முடியாது. அதையும் மாற்றச் சொல்லுங்கள். ரேடியேட்டர் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். பழையதை வைத்துக்கொண்டு எந்த ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் போட்டாலும் அதுவும் கெடும். இந்த வேலைக்கு வயரிங்கில் கைவைக்கத் தேவையில்லை, பதிவுச் சான்றிதழும் அப்படியே இருக்கும். மதிப்பீட்டை ரேடியேட்டர், கன்வெர்ட்டர், கியர் பாக்ஸ் எனத் தனித்தனியாக எழுதி வாங்கி இங்கே பதியுங்கள், சரிபார்த்துச் சொல்கிறேன்.