கண் தெரியாத ஹோட் செய்த பிழை என்ன? பால்டர் கதையில் ஒரு கேள்வி

பனித்துளி:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒஸ்லோவில் இருக்கிறேன். போன கிழமை எட்டு வயது மகளை நகரமண்டபம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். முற்றத்துச் சுவர்களில் வர்ணம் பூசிய மரச்சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன, எல்லாம் இந்த நாட்டுப் பழைய தெய்வக் கதைகள். எட்டுக்கால் குதிரை ஸ்லைப்னிரில் தெய்வங்களின் தலைவன் ஓடின் போகிற சிற்பத்துக்கு முன்னால் நின்று, கால்களை ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினாள். செத்துப்போன பால்டர் என்ற தெய்வத்தை மீட்க அந்தக் குதிரை செத்தவர்களின் உலகம் வரைக்கும் ஒன்பது இரவு ஓடியது என்று வாய்விட்டுவிட்டேன். பிறகென்ன, டிராமில் பால்டர் கதை முழுக்கச் சொல்ல வேண்டி வந்தது.

நெருப்பு, தண்ணீர், இரும்பு, கல், நோய், பாம்பு, எல்லாத்திடமும் தாய் ஃப்ரிக் சத்தியம் வாங்குகிறாள், என் பிள்ளை பால்டருக்குக் கெடுதல் செய்யக்கூடாது என்று. புல்லுருவி மட்டும் சின்னஞ்சிறுசு என்று விட்டுவிடுகிறாள். பிறகு தெய்வங்கள் எல்லாம் பால்டர் மேல் கல்லும் ஈட்டியும் எறிந்து விளையாடுகினம், ஒன்றும் படவில்லை. பால்டரின் சகோதரன் ஹோட் மட்டும் ஒதுங்கி நிற்கிறான், கண் தெரியாது, கையில் ஒன்றுமில்லை. தந்திரக்கார லோகி வந்து புல்லுருவிக் குச்சியைக் கொடுத்துத் திசையும் காட்டுகிறான். பால்டர் விழுகிறான். பிறகு ஓடினுக்கு வாலி என்று ஒரு மகன் பிறந்து (ராமாயண வாலி இல்லை), ஒரு நாள் வயதில் ஹோட்டைக் கொன்றுவிடுகிறான்.

மகள் கேட்டாள்: "அம்மா, லோகிதானே குடுத்தது. ஹோட்டுக்குக் கண் தெரியாதே. பிறகு ஏன் அவனைக் கொன்றவை?"

என்னிடம் பதில் இல்லை. இரண்டு இரவாக அதே கேள்வி. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

ஏட்டுப்பித்தன்:
அக்கா, அந்தக் காலத்து வட ஐரோப்பிய வழக்கத்தில் கொலைக்கு இரண்டு பேர் உண்டு. ஹந்த்பானி, கையால் கொன்றவன். ராத்பானி, யோசனை சொல்லிக் கொன்றவன். ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் இந்தக் கதைகளை எழுதியபோது லோகியை 'பால்டரின் ராத்பானி' என்றே குறிப்பிடுகிறார். ரத்தப்பழி என்று வந்துவிட்டால் கையால் கொன்றவனும் தப்ப முடியாது, மனதில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. லோகிக்கும் தண்டனை கிடைத்தது: கட்டிப்போட்டு, முகத்துக்கு மேலே பாம்பு. மனைவி சிகின் கிண்ணம் பிடித்து விஷத்தை ஏந்துகிறாள்.

தென்றல்75:
எல்லா இடத்திலும் ஹோட் குருடன் இல்லை. டேனிஷ் வரலாறு எழுதிய சாக்ஸோவின் கதையில் அவன் கண் தெரிந்த மனித வீரன். நன்னா என்ற பெண்ணுக்காக பால்டரோடு போர் செய்துதான் கொல்கிறான். ஆனால் பிள்ளைக்கு ஸ்னோரி கதையே நல்லது.

மல்லிகை_அன்ரி:
தங்கச்சி, உங்கட மகளின் கேள்விதான் எனக்கும் கன காலமாக இருக்கிறது. பால்டரைக் கப்பலில் வைத்து எரிக்கும்போது யார் யார் வந்தவை என்று ஸ்னோரி ஒவ்வொருத்தராகச் சொல்கிறார். ஓடினும் ஃப்ரிக்கும் வருகினம், காகங்களும் வருகுது. ஃப்ரேயர் காட்டுப்பன்றி பூட்டிய வண்டியில், ஃப்ரேயா பூனைகளோடு. பகையான அரக்கர்கள்கூட வந்து நிற்கினம். அந்த வரிசையில் ஹோட்டின் பெயர் இல்லை. தன் கையால் அண்ணன் செத்திருக்கிறான், அந்த நேரம் அவன் எங்கே நின்றிருப்பான் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, கட்டாயம் மகளுக்கு இதையும் சொல்லுங்கோ. உலகம் எரிந்து கடலில் மூழ்கிய பிறகு நிலம் பச்சையாகத் திரும்ப எழும்புகிறது. விதைக்காத வயல் விளைகிறது. அப்போது பால்டரும் ஹோட்டும் செத்தவர்களை ஆளும் ஹெல்லின் உலகத்திலிருந்து சேர்ந்தே வருகினம். 'வோலுஸ்பா' பாட்டு இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சொல்கிறது, ஓடினின் பழைய மனையில் இருவரும் குடியிருப்பார்கள் என்று. ஸ்னோரி இன்னும் சொல்கிறார்: எல்லாரும் ஒன்றாக இருந்து பழசைக் கதைப்பார்கள், முந்தித் தெய்வங்கள் விளையாடிய தங்கக் காய்கள் புல்லுக்குள் கிடந்து அகப்படும். பழிவாங்கியவர்கள் ஹோட்டை மன்னிக்கவில்லை, அண்ணன் பக்கத்தில் இருத்திக்கொண்டான் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பனித்துளி:
நன்றி அன்ரி, நன்றி தம்பி, தென்றலுக்கும் நன்றி. ராத்திரி படுக்கையில் சொன்னேன். போர்வையை இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தாள். பிறகு, "அந்தத் தங்கக் காயை முதல்ல ஹோட்தான் கண்டுபிடிப்பான், அம்மா. மற்றவை தேடுவினம், அவன் புல்லைத் தடவிப் பார்ப்பான்" என்றாள்.