நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்துக்கு ரயர் மாற்றிய அனுபவங்கள்

ஸ்காபரோவிலிருந்து:

எங்கள் வீட்டு வாகனம் சுபாரு ஃபொரெஸ்டர். நான்கு சில்லும் இழுக்கும் வகை. சென்ற ஒக்ரோபரில் வீதியில் கிடந்த இரும்புத் துண்டொன்று வலப்பக்கப் பின் ரயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டது. பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டுப்போட முடியாது. அருகிலிருந்த கடையில், "இதை மட்டும் மாற்றினால் போதும், மற்ற மூன்றும் இன்னும் ஓடும்" என்றார்கள். ஒரு ரயரின் காசோடு முடிந்ததே என்று நானும் சம்மதித்தேன். இதை வாசிப்பவர்கள் அப்படிச் சம்மதிக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து, கோயில் வாகனத் தரிப்பிடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பினேன். யாரோ பின்னாலிருந்து பிடித்து வைத்திருப்பதுபோல வாகனம் விக்கி விக்கி நகர்ந்தது. அடியிலிருந்து ஒரு முனகல். பின் இருக்கையில் இருந்த அம்மா, "தம்பி, கை பிறேக்கை இறக்க மறந்துவிட்டாயா?" என்று கேட்டார்.

தெரிந்த அண்ணர் ஒருவரின் கராஜுக்குக் கொண்டுபோனேன். அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து சிறிய அளவுகோலை எடுத்து, குந்தியிருந்து, நான்கு ரயர்களின் பள்ளங்களிலும் வரிசையாகக் குத்திப் பார்த்தார். புதியதில் 8 மில்லிமீற்றர். மற்ற மூன்றிலும் 4. "தம்பி, ஒரு கால் நெட்டை, மூன்று கால் குட்டை. பிறகு எப்படி நடக்கும்?" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ரயர் 1 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவில் 6.28 மி.மீ. குறைகிறது. சுபாரு அனுமதிக்கும் வேறுபாடே கால் அங்குலம், அதாவது 6.4 மி.மீ.தான். என் வாகனத்தில் அது 25 மி.மீ. எங்கள் 225/60 ஆர் 17 அளவில், தேய்ந்த சில்லு புதியதைவிடக் கிலோமீற்றருக்கு ஐந்து சுற்று அதிகம் சுற்ற வேண்டும். இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பின் அச்சின் டிஃபரென்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி சமாளிக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள வேறுபாட்டை நடுவிலிருக்கும் கிளச் தட்டுகள்தான் உரசி உரசித் தாங்க வேண்டும். இதோடுதான் நான் 401 நெடுஞ்சாலையில் தினமும் வேலைக்குப் போய்வந்தேன். தட்டுகள் கருகுவதற்கு முன் பிடித்துவிட்டோம் என்று அண்ணர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான்கையும் மாற்றினேன். பழைய மூன்றிலும் 6 மி.மீ. இருந்திருந்தால், புதியதைச் சீவி அவற்றின் உயரத்துக்குக் கொண்டுவரும் கடையொன்றைத் தேடியிருப்பேன். 4 மி.மீ.க்கு அது வீண். பனி மூடிய வீதியில் அந்த அளவுக்குத் தேய்ந்த ரயரோடு போக வேண்டாம் என்று கனடியப் போக்குவரத்துத் துறையே சொல்கிறது.

வாங்கும்போது பாரச் சுட்டெண் 99க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன். 99 என்றால் ஒரு ரயர் 775 கிலோ தாங்கும். குடும்பமும் சாமான்களும் ஏறும் வாகனத்தில் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் வாசித்தேன். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது.

மொன்றியலிலிருந்து:

அண்ணா சொன்னது முழுக்கச் சரி. நாங்கள் பிராம்ப்டனிலிருந்து இங்கே குடிவந்தது ஒரு நவம்பரில். எங்கள் ரயரில் எம், எஸ் என்ற இரண்டு எழுத்துகள் இருந்தன. சேறும் பனியும் என்றுதானே அர்த்தம், அது போதும் என்று நம்பியிருந்தோம். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார அம்மா எங்கள் வாகனத்தருகே குனிந்து, பக்கச்சுவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மலை எங்கே?" என்று கேட்டார். மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் கொண்ட அடையாளத்தைத்தான் தேடியிருக்கிறார். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த அடையாளமுள்ள ரயர் கட்டாயம். எங்களிடம் இருந்தது ஒன்பது நாள்.

இரண்டு தொகுதி வாங்கி வைக்க அடுக்குமாடியில் இடமில்லை. அதனால் ஆண்டு முழுவதும் ஓடக்கூடிய, ஆனால் அந்த மலை அடையாளமும் உள்ள வகையில் மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2 போட்டோம். சட்டத்துக்கு அது போதும். ஆனால் வாரந்தோறும் லோரன்சியன் மலைப்பக்கம் போகிறவர்களுக்குத் தனிப் பனிக்கால ரயரையே நான் சொல்வேன்.

எட்மன்டனிலிருந்து:

எனக்குப் பாடம் கற்பித்தது ஒரு சிவப்பு விளக்கு. நான்கு சில்லும் இழுப்பதால் முதல் பனியில் என் வாகனம் மற்றவர்களை முந்திக்கொண்டு கிளம்பியது. அந்தத் தைரியத்தில் கோடை ரயரோடே ஓட்டினேன். நிறுத்தும்போது நான்கு சில்லின் இழுவை எந்த உதவியும் செய்யாது, அங்கே வேலை செய்வது இறப்பர் மட்டுமே. 7 பாகைக்குக் கீழே அது இறுகத் தொடங்கிவிடுகிறது. அன்று குளிர் கழித்தல் 18. பிறேக் மிதி காலின் கீழ் படபடவென்று அதிர, வாகனம் நேராக வழுக்கிப் பாதசாரிக் கடவையில் பாதி ஏறி நின்றது. கடவையில் கால் வைக்கப்போன சிறுவனின் கையை அவன் தாத்தா பிடித்து இழுத்தார். அவர் என்னைத் திட்டவில்லை, பார்த்தார். மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். நான்கையும் மாற்றினேன்.