எம்எக்ஸ்-5: கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் மாற்றி ஏர் எடுத்தும் பெடல் சரியாகவில்லை

கேள்வி – சிவப்பு ரோட்ஸ்டர்

நண்பர்களே, என்னிடம் இருப்பது 1996 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 எஞ்சின், வலது பக்க ஸ்டியரிங். இங்கிலாந்தில் இருக்கிறேன், எல்லா வேலையும் வீட்டு வாசலிலேயே செய்கிறேன். போன மாதம் சிக்னலில் நிற்கும்போது கிளட்ச் பெடல் அப்படியே தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. பெடலைக் காலால் தூக்கிவிட்டு நாலைந்து தடவை மிதித்த பிறகுதான் முதல் கியர் விழுந்தது, ரிவர்ஸ் போட்டால் பல் அரைக்கும் சத்தம். கிளட்ச் ஆயில் டப்பாவைத் திறந்தால் பாதிக்குக் கீழே இறங்கி மை மாதிரி கறுத்துக் கிடந்தது. வண்டிக்கு அடியில் போய் ஸ்லேவ் சிலிண்டரின் (பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாக வாங்கிக் கிளட்ச்சைத் தள்ளும் சிலிண்டர்) ரப்பர் உறையை விலக்கினேன், உள்ளிருந்து ஆயில் கொட்டியது. சரி, இதுதான் என்று புது ஸ்லேவ் வாங்கிப் போட்டேன். இரண்டு 12 மி.மீ. போல்ட், குழாயின் 10 மி.மீ. நட், அவ்வளவுதான் வேலை.

மனைவி பெடலை மிதிக்க, நான் கீழே ப்ளீடரை, அதாவது காற்றை வெளியே விடும் திருகை, திறந்து மூடி அரை லிட்டர் ஆயில் ஓட்டிவிட்டோம். குமிழி வருவது நின்றுவிட்டது. ஆனால் பெடலின் மேல் பாதி வெறும் காற்றை மிதிப்பது போல இருக்கிறது, தரைக்குக் கிட்டே போனால்தான் கிளட்ச் விடுகிறது. வேகமாக மூன்று தடவை மிதித்தால் நன்றாக இருக்கும், ஒரு நிமிடம் விட்டால் பழையபடி. இது ஏர்தானா, இல்லை கிளட்ச் பிளேட்டே போய்விட்டதா? கியர்பாக்ஸை இறக்க எனக்கு இடமும் இல்லை, தைரியமும் இல்லை.

மறுமொழி – பழைய கராஜ்

கியர்பாக்ஸைத் தொட வேண்டாம், பிளேட் பற்றிய கவலையை இப்போதைக்கு விடுங்கள். பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும், அதாவது ஆக்சிலரேட்டர் மிதித்தால் எஞ்சின் சுற்று ஏறும், வண்டி ஏறாது. உங்களுடையது அதற்கு நேர் எதிர், கிளட்ச் முழுசாக விடவில்லை. பம்ப் அடித்தால் சரியாகிறது என்றால் ஹைட்ராலிக்கில்தான் குறை, ஒன்று உள்ளே காற்று, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்தால் ஆயிலை ஸ்லேவுக்குத் தள்ளும் சிலிண்டர்) சீல். காற்று மிதிக்க மிதிக்கச் சுருங்கிக் கொடுக்கும், பெடலின் உழைப்பு கிளட்ச்சை விடுவிக்கும் ஃபோர்க் வரை போகாது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சமதளத்தில், முன்னால் யாரும் எதுவும் இல்லாத இடத்தில், எஞ்சின் ஓட, கை பிரேக் போட்டு, பிரேக்கிலும் கால் வைத்துக்கொண்டு, கிளட்ச்சை முழுசாக மிதித்து முதல் கியர் போட்டு ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். காற்று மட்டும் இருந்தால் பெடல் மெத்தென்று இருக்குமே தவிர, நின்ற இடத்தில் நிற்கும். மெல்ல மெல்லக் கீழே இறங்கினாலோ, வண்டி முன்னால் இழுக்க ஆரம்பித்தாலோ, மாஸ்டரின் உள் சீலைத் தாண்டி ஆயில் திரும்புகிறது என்று அர்த்தம். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

காற்றுதான் என்றால் மிதித்து எடுப்பதை நிறுத்திவிட்டு இப்படிச் செய்யுங்கள். ஸ்லேவின் இரண்டு போல்ட்டையும் கழற்றுங்கள், குழாய் மாட்டியபடியே இருக்கட்டும். ப்ளீடர் நிப்பிள் மூடியிருக்கணும், மேலே டப்பாவின் மூடி திறந்திருக்கணும். ஸ்லேவின் பிஸ்டனில் இருக்கும் தள்ளு கம்பியை, அதாவது புஷ் ராடை, கையால் மெதுவாக முழுசாக உள்ளே தள்ளுங்கள், ஸ்பிரிங் அதைத் தானாக வெளியே கொண்டுவரும், மறுபடி தள்ளுங்கள். ஸ்லேவிலும் குழாய் வளைவிலும் தங்கிய காற்று மேல் நோக்கிப் போய் டப்பாவில் குமிழியாக வெளியேறும். காற்றுக்கு மேலே போகத்தான் பிடிக்கும், நீங்கள் அதைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தீர்கள். இந்த நேரத்தில் பெடலை யாரும் தொடக் கூடாது, தொட்டால் பிஸ்டன் சிலிண்டரை விட்டுத் தெறித்து வெளியே வந்துவிடும். மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மறுமொழி – மழையில் கூரை திறப்பவன்

மேலே சொன்னதோடு முழுசாக ஒத்துப்போகிறேன், ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது மாஸ்டரை. பெடலுக்கு மேலே மாஸ்டரின் புஷ் ராட் எஞ்சின் பக்கச் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் விரல் விட்டுப் பாருங்கள், அங்கே ஈரம் இருந்தாலோ கீழே கார்பெட் பிசுபிசுத்தாலோ மாஸ்டர் முடிந்தது. ஸ்லேவ் புதிதாகும்போது பழைய மாஸ்டர் அடுத்த சில வாரங்களில் போவதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே வயது, ஒரே கறுப்பு ஆயிலில் ஊறியவை. அதனால்தான் நான் எப்போதும் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்வேன்.

மாஸ்டரைக் கழற்றும்போது ஒரு நட் உள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, தலைகீழாகப் படுத்துத்தான் எட்ட வேண்டும், பொறுமை வேண்டும். குழாய் நட்டுக்குச் சாதாரண ஸ்பேனர் போடாதீர்கள். இங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பில் அது பிடித்துப் போயிருக்கும், முனை உருண்டுவிட்டால் அந்த இரும்புக் குழாயையே மாற்ற நேரிடும். வாய் வெட்டிய ரிங் ஸ்பேனர் கிடைக்கும், அதை வாங்குங்கள், முந்தின நாள் இரவே துருநீக்கி அடித்து வையுங்கள். ஆயில் சிந்தினால் அந்த நொடியே தண்ணீர் ஊற்றிக் கழுவணும், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும்.

புது மாஸ்டரை வைஸில் மாட்டி, ஆயில் ஊற்றி, வாயை விரலால் மூடி மூடி விட்டு, குமிழி நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளிவிட்டு அப்புறம் வண்டியில் போடுங்கள். காலியாக மாட்டினால் பின்னால் மணிக்கணக்கில் ஏர் எடுக்க வேண்டிவரும்.

சிவப்பு ரோட்ஸ்டர்

நன்றி அண்ணா. கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் நன்றாக ஈரம். மாஸ்டர் ஆர்டர் போட்டுவிட்டேன். கிளட்ச்சுக்கு டாட் 4 ஊற்றலாமா? பிரேக்குக்கு வாங்கியது மீதி இருக்கிறது. அப்புறம் வாக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சினால் சீக்கிரம் முடியுமா?

மறுமொழி – பழைய கராஜ்

டாட் 4 தாராளமாக ஊற்றலாம். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை, ஒன்றோடொன்று சேரும். டாட் 5 மட்டும் சிலிக்கான், அதைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். ஆனால் அந்த மீதி பாட்டில் எப்போது திறந்தது? இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். மாதக்கணக்கில் திறந்து கிடந்தது என்றால் புதுசு வாங்குங்கள்.

வாக்குவம் பம்ப் எனக்குப் பிடிக்காது. ப்ளீடரின் மரையைச் சுற்றி வெளிக்காற்றை உறிஞ்சும், அதனால் குமிழி நிற்கவே நிற்காது, நீங்கள் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று நினைத்து ஆயிலை வீணாக்குவீர்கள். வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் போட்டு, தோளால் தள்ளி அசைகிறதா பார்த்துவிட்டுப் போங்கள்.

சிவப்பு ரோட்ஸ்டர்

சனிக்கிழமை முடித்துவிட்டேன். மாஸ்டருக்கு மூன்று மணி நேரம் ஆனது, அதில் பாதி அந்த உள் நட்டுக்கே போயிற்று. பழைய ரப்பர் ஹோஸும் உப்பிப் போயிருந்ததால் பின்னல் ஹோஸ் போட்டேன். ஸ்லேவை இறக்கி ராடைத் தள்ளியபோது முதல் இரண்டு தள்ளிலேயே டப்பாவில் பெரிய பெரிய குமிழியாக வந்தது, டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி மேலிருந்து கத்தினாள். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இப்போது பெடல் கெட்டியாக இருக்கிறது, ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுகிறது. ஒரே ஒரு சந்தேகம், பெடலின் மேல் முனையில் ஆட்டமே இல்லை, தொட்டவுடன் இறுக்கமாக இருக்கிறது. அது நல்லதுதானே?

மறுமொழி – மழையில் கூரை திறப்பவன்

இல்லை, அப்படியே ஓட்டாதீர்கள். பெடலுக்கு மேலே புஷ் ராடில் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, ராடைச் சுற்றி, விரலால் அழுத்தினால் தெரிகிற அளவுக்குக் கொஞ்சம் ஆட்டம் கொடுங்கள். ஆட்டமே இல்லையென்றால் மாஸ்டரின் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வராது, டப்பாவுக்குப் போகும் சின்னத் துளை மூடியே இருக்கும். ஆயில் சூடேறி விரியும்போது திரும்பிப் போக வழி இல்லாமல் ஸ்லேவைத் தள்ளும், கிளட்ச் தானாகவே வழுக்க ஆரம்பிக்கும். அப்போது நல்ல பிளேட்டும் கருகிவிடும். சரி செய்துவிட்டு அரை மணி நேரம் ஓட்டி, வண்டி சூடான பிறகு ஒருமுறை ஆட்டத்தைப் பாருங்கள். டப்பா சின்னது, ஒரு வாரம் தினமும் அளவைப் பாருங்கள், ஸ்லேவின் ரப்பர் உறையையும் விலக்கி உள்ளே காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.