புதுப்பிப்பு: பூட்டிக் கிடக்கும் கும்பகோணம் வீட்டின் பொருட்களுக்குக் காப்பீடு

மஸ்கட்டில் பணிபுரியும் நான், ஆண்டில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும் எங்கள் கும்பகோணம் வீட்டுப் பொருட்களுக்குக் காப்பீடு கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி; கிடைத்துவிட்டது.

வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளின்றி இருக்கும் என்பதை முன்கூட்டியே எழுத்துமூலம் தெரிவித்து, காப்பீட்டு நிறுவனம் அதற்கு இசைந்ததை எண்டார்ஸ்மென்ட்டாக (பாலிசியுடன் சேர்க்கப்படும் எழுத்துமூலத் திருத்தம்) பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனையே கைகொடுத்தது. (முகவரோ, "அதெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்றார்.)

எதிர்பாராத சிக்கல் திருட்டில்தான் இருந்தது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில், கட்டடத்தைக் காப்பீடு செய்தால் அத்தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பொதுவான வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே பாதுகாப்பு உண்டு. ஆனால் திருட்டைப் பொறுத்தவரை, தீ, வெள்ளம் போன்ற சம்பவம் நிகழ்ந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே அது பொருந்தும். ஆகவே, பூட்டை உடைத்துத் திருடுவதற்கெனத் தனியாக பர்க்லரி பாலிசி எடுத்தேன். அதற்காக வந்த ஆய்வாளர் கொல்லைக் கதவின் மரத் தாழ்ப்பாளை இரண்டு முறை அசைத்துப் பார்த்துவிட்டு, இரும்புக் கிராதி போட்ட பிறகே ஒப்புதல் தந்தார். பித்தளை அண்டாக்கள் உட்பட எல்லாவற்றையும் படமெடுத்துப் பட்டியலாகக் கொடுத்தேன். நகைகள் மட்டும் வங்கி லாக்கருக்குப் போய்விட்டன.